எங்கள் வீட்டு மண்ணை மூடச் சொல்லாதீர்கள்

எங்கள் மனைப்பிரிவின் குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர், செயலாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் கவனத்துக்கு,

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் நீங்கள் போட்ட சுற்றறிக்கையைப் பற்றியது இந்த மடல். ‘மனைப்பிரிவை அழகுபடுத்துதல்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். வீட்டைச் சுற்றியுள்ள திறந்த இடம் முழுவதும் ஒரே நிறத்தில் பேவர் பிளாக் பதிக்க வேண்டும். முருங்கை, வாழை, பப்பாளி மரங்களையும் காய்கறிப் பந்தல்களையும் எடுத்துவிட வேண்டும். விருப்பப்பட்டால் தொட்டியில் அழகுச் செடி வைத்துக்கொள்ளலாம். வீட்டில் உரத்தொட்டி கூடாது. வெளியே அடுப்பு மூட்டக் கூடாது. தெருவில் இருந்து பார்த்தால் தெரியும்படி மொட்டை மாடியில் வத்தல், வடகம் காயப்போடக் கூடாது. ஆனி மாதம் முடிவதற்குள் செய்யாதவர்கள் மாதம் 500 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும்.

இதைப் பற்றிக் கேட்கப் போனபோது, “எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க, நீங்க ஒருத்தர்தான் கேக்குறீங்க” என்று பதில் வந்தது. அதன் பிறகு எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய்ப் பேசினேன். பெரும்பாலானவர்களுக்குச் சுற்றறிக்கை வந்த பிறகுதான் விஷயமே தெரியும். “சங்கம் சொல்லுது, என்ன பண்றது” என்றார்கள். மறுக்காமல் இருப்பதை ஒப்புதல் என்று கணக்கெழுதுவது சரியில்லை. அதனால்தான் குழுவில் இரண்டு வரி போடாமல், எல்லாரும் படிக்கும்படி இந்த மடலை எழுதுகிறேன்.

எங்கள் மனை அரைக் கிரவுண்டு, 1,200 சதுர அடி. கட்டடம் போக முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் விட்டிருக்கும் இடம் மொத்தம் 500 சதுர அடி தேறும். நீங்கள் கல் பதிக்கச் சொல்வது இந்த இடத்தில்தான். அங்கே என்ன இருக்கிறது என்று உங்களில் யாரும் உள்ளே வந்து பார்த்ததில்லை. பின்பக்க மூலையில் முருங்கை. பாத்திரம் கழுவிய தண்ணீர் போகிற வழியில் பூவன் வாழை, அதன் காலடியில் சேப்பங்கிழங்கு, கல்வாழை. கிணற்றுப் பக்கம் கறிவேப்பிலை. மதிலை ஒட்டி அவரைப் பந்தலும் பிரண்டையும். முன்பக்கம் வெயில் படும் இடத்தில் மூன்று சின்னப் பாத்தி: ஒன்றில் அரைக்கீரை, ஒன்றில் சிறுகீரை, ஒன்றில் பருவத்துக்கு ஏற்றபடி கத்தரியோ வெண்டையோ கொத்தவரையோ. நிழல் விழும் பக்கம் பொன்னாங்கண்ணியும் கற்பூரவல்லியும். மணத்தக்காளி நாங்கள் விதைத்ததே கிடையாது. பறவைகள் போட்டுவிட்டுப் போகும் விதையில் தானாக வருவது.

என் மாமியார் உத்திரமேரூர்ப் பக்கம் ஏரிப்பாசன ஊரில் பிறந்து வளர்ந்தவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. காலையில் முதல் ஆளாக எழுந்து பாத்தியைப் பார்த்துவிட்டு வந்து, இன்றைக்கு என்ன சமையல் என்று அவர்தான் சொல்வார். கடையில் என்ன வாங்கலாம் என்ற யோசனை அதற்கு அப்புறம்தான். அரைக்கீரையை அவர் பிடுங்க விடமாட்டார். தரையில் இருந்து நாலு விரல் விட்டுக் கத்தியால் அறுக்க வேண்டும். அப்போதுதான் அடியில் இருக்கும் கணுவில் பக்கக் கிளை விட்டு மறுபடி அறுப்புக்கு வரும். சிறுகீரையானால் வேரோடு பிடுங்கலாம், அது ஒருமுறைப் பயிர். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு முருங்கை நிழலில் உட்கார்ந்து ஆய்வார். அலசிய தண்ணீர் வாழைக்குப் போகும். மண்சட்டியில் கீரையோடு சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், கொஞ்சம் சீரகம் போட்டு, மூடாமல் வேகவைப்போம். மூடினால் பச்சை கறுத்துவிடும். வெந்ததும் உப்புப் போட்டு மத்தால் கடைந்து, கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்துக் கொட்டினால் வேலை முடிந்தது. ஆய்ந்த தண்டும் வெங்காயத் தோலும் உரத்தொட்டிக்குப் போகும். அந்த உரம் அடுத்த விதைப்புக்கு அதே பாத்திக்குத் திரும்பும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. உங்கள் சுற்றறிக்கை பந்தலைத் தனியாக, உரத்தொட்டியைத் தனியாக, மாடியில் காயும் வத்தலைத் தனியாக எடுத்து ஒவ்வொன்றையும் குப்பை என்று பார்க்கிறது. எங்கள் வீட்டில் இவை எல்லாம் ஒரே வேலை. உரத்தொட்டி இல்லாமல் பாத்தி இல்லை. கொத்தவரையும் மணத்தக்காளியும் ஒரே நேரத்தில் காய்த்துத் தள்ளும்போது மோரில் ஊறவைத்து மாடியில் காயப்போட்டால்தான் அது வீணாகாது. அந்த வத்தல்தான் மழைக்காலத்தில் எங்களுக்குக் குழம்பு.

500 சதுர அடி ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும் என்று நான் சொல்ல வரவில்லை. அரிசி, பருப்பு, எண்ணெய், வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் கடையில்தான் வாங்குகிறோம். ஆனால் கீரைக்கும் கறிவேப்பிலைக்கும் நாங்கள் கடைக்குப் போனதில்லை. அவரை காய்க்கும் மார்கழி, தை மாதங்களில் காய் வாங்கவும் போகத் தேவைப்படாது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி ஏறிக்கொண்டே போனதும், அரசே ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்ததும் உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த மாதம் எங்கள் வீட்டில் புளியும் மணத்தக்காளியும் வைத்துச் சமாளித்தோம், செலவு பெரிதாகக் கூடவில்லை.

அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். 2020 மே மாதத் தொடக்கத்தில் கொரோனா பரவல் காரணமாகக் கோயம்பேடு சந்தையை மூடினார்கள். திருமழிசையில் தற்காலிகச் சந்தை திறந்து வரத்து சீராகும்வரை நம் பக்கம் காய்கறி வண்டி சரியாக வரவில்லை. வந்த வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடப் பயந்து பலர் வெளியே வரவில்லை. அந்த நாட்களில் எங்கள் முருங்கையில் இருந்து கீரையும் காயும் ஒடித்துக் கட்டுக்கட்டாக கேட் மேல் வைத்துவிடுவோம். தெருவில் உள்ளவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். வாழைப்பூ ஒரு வீட்டுக்கு, தண்டு ஒரு வீட்டுக்கு, காய் இன்னொரு வீட்டுக்கு. அப்போது யாரும் இந்த மரங்கள் தெருவின் அழகைக் கெடுக்கின்றன என்று சொல்லவில்லை. இதை நன்றி எதிர்பார்த்துச் சொல்லவில்லை. வெட்டச் சொல்கிற மரம் எந்த மரம் என்று நிர்வாகக் குழுவுக்கு ஞாபகப்படுத்துகிறேன்.

இனி தண்ணீர். இதில்தான் உங்கள் முடிவு எனக்கு அதிக வருத்தம் தருகிறது, ஏனென்றால் நம் எல்லாரையும் சேர்த்துப் பாதிக்கப்போவது இதுதான்.

நாம் இருப்பது தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்ப் பக்கம். ஒரு காலத்தில் வயலும் ஏரிக்கால்வாயுமாக இருந்த நிலம். செங்கல்பட்டுப் பகுதியை ஏரி மாவட்டம் என்று சும்மா சொல்லவில்லை. 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் எவ்வளவு உயரத்துக்கு நின்றது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் இங்கேதான் மாடியில் இருந்தீர்கள். அப்படிப்பட்ட மழையை எந்தத் தோட்டமும் தாங்காது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நமக்கு வருடா வருடம் தொல்லை கொடுப்பது அந்த மழை இல்லை. ஐப்பசியில் இரண்டு மணி நேரம் அடித்துப் பெய்துவிட்டுப் போகிற சாதாரண மழைதான். அதற்கே நம் இரண்டாம் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 சதுர அடி என்பது ஏறக்குறைய 46 சதுர மீட்டர். 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த இடத்தில் மட்டும் விழுகிற தண்ணீர் 4,600 லிட்டர். மண் திறந்திருந்தால் அதில் பெரும் பகுதியைக் குடித்துவிடும். கல்லும் சிமெண்டும் போட்டு மூடினால் அவ்வளவும் தெருவுக்கு ஓடி வரும். நம் மனைப்பிரிவில் சுமார் 60 வீடு இருக்கிறது. எல்லாரும் இதே அளவு இடத்தை மூடினால் ஒரு மழைக்கு இரண்டே முக்கால் லட்சம் லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் லாரி 20-க்கும் மேல் நிறுத்திக் கவிழ்த்துவிட்டதற்குச் சமம். அந்தத் தண்ணீர் போக நம்மிடம் இருப்பது அடைத்துக்கொண்டிருக்கும் ஒரு மழைநீர் வடிகால். பேவர் பிளாக் இடுக்கில் தண்ணீர் இறங்கும் என்று குழுவில் ஒருவர் பதில் போட்டிருந்தார். ஏற்கெனவே கல் பதித்த வீடுகளைப் பாருங்கள். அடியில் சிமெண்டுக் கலவை கொட்டி இறுக்கி, இடுக்கிலும் பூசித்தான் வேலை செய்திருக்கிறார்கள். அதில் எங்கே இறங்கும்?

2019-ல் நடந்தது இதன் மறுபக்கம். அந்த ஜூன் மாதம் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்தன. நம் தெருவில் ஆழ்துளைக் கிணறுகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ராத்திரி லாரிக்காகக் குடத்தோடு உட்கார்ந்திருந்தோம். எங்கள் வீட்டுத் திறந்த கிணற்றில் அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்துகொண்டே இருந்தது. காலையில் இறைத்தால் சாயங்காலம் ஊறிவிடும். மாடித் தண்ணீர் முழுவதையும் கிணற்றோர உறைக்குழிக்குத் திருப்பியிருக்கிறோம், சுற்றி மண் மூடாமல் கிடக்கிறது, காரணம் அதுதான். தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். கட்டாயமாக்கிய பிறகு, நிலத்தை மூடு என்று ஒரு சங்கம் உத்தரவு போடுவது எப்படிப் பொருந்தும்?

குப்பைக்கு வருகிறேன். உரத்தொட்டி நாறுகிறது, எலி வருகிறது என்பது உங்கள் புகார். நாறுகிற உரத்தொட்டியும் உலகத்தில் உண்டு. ஈரக் கழிவை மட்டும் போட்டு மூடி வைத்தால் நாறத்தான் செய்யும். எங்களுடையது பக்கமெல்லாம் துளை போட்ட இரண்டு பிளாஸ்டிக் டிரம். ஒரு பிடி சமையல் கழிவுக்கு இரண்டு பிடி சருகு. மேலே கொஞ்சம் பழைய உரம், வாரத்துக்கு ஒருமுறை புளித்த மோர், ஒரு கிளறல். சமைத்த சோறு, மீன், இறைச்சி எதுவும் உள்ளே போகாது. அதனால் எலிக்கு அங்கே வேலையில்லை. மூடியைத் திறந்தால் மழை பெய்து ஓய்ந்த மண்ணின் வாசம்தான் வரும். தலைவரும் செயலாளரும் எந்த நேரத்திலும் சொல்லாமல் வந்து திறந்து பார்க்கலாம். போடுகிற சருகு எங்கிருந்து வருகிறது தெரியுமா? நம் பூங்கா வேப்பமரத்தடியில் கூட்டிக் குவித்துத் தீ வைக்கிறார்களே, அதே சருகுதான். தீ வைப்பதற்கு முன்னால் போய்ச் சாக்கில் அள்ளி வருகிறோம்.

2016-ல் வந்த மத்திய அரசின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கச் சொன்னன. தெருவிலும் பொது இடத்திலும் குப்பையை எரிக்கக் கூடாது என்றன. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வேலியிட்ட குடியிருப்புகள் மக்கும் குப்பையை முடிந்தவரை தங்கள் வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. நம் மனைப்பிரிவுக்கு கேட் இருக்கிறது, காவலாளி இருக்கிறார். 60 மனைகளின் பரப்பை மட்டும் கூட்டினாலே அந்த அளவைத் தாண்டும். அப்படிப் பார்த்தால் சங்கம் முன்னின்று செய்திருக்க வேண்டிய வேலையை ஒரு வீடு செய்துகொண்டிருக்கிறது. அதைத்தான் நீங்கள் நிறுத்தச் சொல்கிறீர்கள். நிறுத்தினால் அந்தக் கழிவு எங்கே போகும்? 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பற்றி எரிந்து நாள் கணக்கில் புகைந்தது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் அதே ஆண்டு சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டித்தான் அந்தக் கிடங்கு இருக்கிறது. நம் வீட்டு வாழைப்பழத் தோலும் முருங்கைக் குச்சியும் யாரோ ஒருவர் வீட்டருகே இப்படி மலையாகக் குவிவதில் எனக்குச் சம்மதமில்லை.

அடுத்தது கம்பளிப்பூச்சி. முருங்கைக்கு எதிரான புகார்களில் நியாயமானது இது ஒன்றுதான். அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். மேலே பட்டால் அரிப்பும் தடிப்பும் வருவது நிஜம். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வந்தபோது அந்தத் தாய் பட்ட பதற்றத்தை நானும் கூட இருந்து பார்த்தேன். அதற்காக மரத்தையே வெட்ட வேண்டியதில்லை. அந்தப் பூச்சியின் வழக்கம் தெரிந்தால் போதும். மழைக்காலத்தில்தான் வரும். இரவில் மேலே ஏறி இலையைத் தின்னும், பகலில் இறங்கி வந்து அடிமரத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். கைக்கெட்டும் உயரத்தில், ஒரே இடத்தில். ஐப்பசி பிறந்ததும் தினமும் காலையில் அடிமரத்தைப் பார்ப்போம். கூட்டம் தெரிந்தால் நீளக் கைப்பிடி போட்ட தென்னந்துடைப்பத்தால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தள்ளிவிடுவோம். அப்புறம் வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்த தண்ணீரை மரத்தில் அடிப்போம். மழைக்கு முன்னாலேயே கிளையைக் கழித்து, மதிலுக்கு வெளியே ஒரு கொப்பும் நீளாமல் வைத்திருக்கிறோம். முருங்கைக்கு இப்படி வெட்டிவிடுவது நல்லதும்கூட, தாழக் கிளைத்துக் காய்க்கும், காற்றில் ஒடியாது. 2016 வர்தா புயலில் பழைய மரம் முறிந்து விழுந்தது. அதில் ஒரு போத்தை வெட்டி நட்டதுதான் இன்றைய மரம். யாருக்காவது இன்னும் பயம் இருந்தால், மழைக்காலம் முழுவதும் அவர்கள் வீட்டு மரத்தையும் சேர்த்துச் சுத்தம் செய்து தரத் தயாராக இருக்கிறோம்.

கொசுவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கி நிற்கிற நல்ல தண்ணீரில் முட்டையிடுகிறது. ஈர மண்ணில் இடுவதில்லை. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, ஃபிரிட்ஜ் பின்னால் உள்ள தட்டு, மூடாத தொட்டி, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றைத்தான் சுகாதாரப் பணியாளர்கள் வந்து கவிழ்த்துவிட்டுப் போகிறார்கள். நீங்கள் அனுமதிக்கிற அழகுத் தொட்டிகளுக்குத்தான் அடித்தட்டு தேவை. எங்கள் பாத்திகளுக்கு அது தேவையில்லை.

தோட்டம் இருந்தால் பாம்பு வரும் என்ற பயத்துக்கும் பதில் சொல்கிறேன். பாம்பு நம் மனைப்பிரிவுக்குள் வந்ததெல்லாம் கடைசித் தெருவில் புதர் மண்டிக் கிடக்கும் காலி மனைகளில் இருந்து. அவற்றின் உரிமையாளர்களுக்கு இதுவரை ஒரு கடிதமும் போகவில்லை.

விறகடுப்பு விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நெருக்கமான வீடுகளுக்கு நடுவே தினமும் புகை போடுவது தவறு. இளைப்பு நோய் உள்ளவர்கள் இங்கே இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அன்றாடச் சமையல் கேஸ் அடுப்பில்தான். வாசலில் அடுப்பு கூட்டுவது பொங்கலன்று மட்டும். அதையும் சேர்த்துத் தடை செய்யும்படி விதி எழுதியிருக்கிறீர்கள். தினசரிப் புகைக்கு ஒரு விதி, பண்டிகைக்கு ஒரு விலக்கு என்று எழுத ஒரு வரிகூடத் தேவைப்பட்டிருக்காது.

வீட்டை விற்கும்போது விலை குறையும் என்று ஒரு வாதம் வருகிறது. வாங்க வருகிறவர்கள் நம் மனைப்பிரிவைப் பற்றி முதலில் கேட்பது மழைக்குத் தண்ணீர் நிற்குமா, கோடைக்குக் கிணற்றில் தண்ணீர் இருக்குமா என்பதுதான். மரம் இல்லாத, கல் பதித்த முற்றம் சித்திரை வெயிலில் எப்படிக் கொதிக்கும் என்பதை ஏற்கெனவே மூடிய வீடுகளில் மதியம் செருப்பில்லாமல் நின்று பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்று கவனித்தீர்களா? தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை 2013-14-ல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கி இன்றுவரை மாடித்தோட்டத்துக்கு விதை, செடிப்பை, தென்னைநார்க் கழிவு, வேப்பெண்ணெய் எல்லாம் மானிய விலையில் கொடுத்து, வீட்டில் காய்கறி போடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அரசு பணம் போட்டு ஊக்குவிக்கிற ஒன்றுக்கு நம் சங்கம் அபராதம் போடுகிறது.

அந்த அபராதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் சங்கம் 1975-ம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானது. நமக்குத் துணைவிதிகள் இருக்கின்றன. அதன் நகல் என்னிடமும் இருக்கிறது. பொதுப் பாதை, பூங்கா, தெருவிளக்கு, காவல் ஆகியவற்றைப் பராமரிப்பதும் சந்தா வசூலிப்பதும் அதில் உள்ளன. ஒருவர் தன் பட்டா நிலத்துக்குள் என்ன செடி வைக்கலாம் என்று சொல்லும் அதிகாரமும் அதற்கு அபராதம் போடும் அதிகாரமும் எந்தப் பிரிவிலும் இல்லை. அப்படி ஒரு அதிகாரம் வேண்டுமானால் பொதுக்குழுவைக் கூட்டி, முறையாக அறிவிப்புக் கொடுத்து, சிறப்புத் தீர்மானமாகக் கொண்டுவந்து துணைவிதியைத் திருத்த வேண்டும். வாட்ஸ்அப் சுற்றறிக்கை அதற்கு ஈடாகாது. வழக்குக்குப் போக எனக்கு ஆசையில்லை. இத்தனை வருடம் பக்கத்தில் பக்கத்தில் இருந்துவிட்டு நீதிமன்றப் படியில் நின்று பேசுவது யாருக்கும் நல்லதில்லை. ஆனால் அபராதத்தை நான் கட்டப்போவதில்லை. அதை இங்கேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கொடுத்திருக்கும் கெடுவையும் பாருங்கள். ஆனி கடைசி. ஆடி பிறந்ததும் விதைப்பு. அவரைக்கும் வெண்டைக்கும் கொத்தவரைக்கும் இப்போதே மண்ணைக் கொத்தி உரம் கலந்து ஆறப்போட்டிருக்க வேண்டும். போன தையில் எடுத்து வைத்த அவரை விதை சாம்பலில் புரட்டி டப்பாவில் தயாராக இருக்கிறது. “போடலாமா, வேண்டாமா?” என்று மாமியார் என்னைத் தினமும் கேட்கிறார். சங்கம் என்ன சொல்லப்போகிறதோ என்று எண்பது வயதுக்காரர் ஒருவர் தன் வீட்டு மண்ணில் விதை போடத் தயங்குகிற நிலைமை வந்திருப்பது எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது.

நான் கேட்பது இவைதான்.

சுற்றறிக்கையை உடனே திரும்பப் பெறுங்கள். அபராத அறிவிப்பு ரத்து என்று அதே வாட்ஸ்அப் குழுவில் எழுத்தில் போடுங்கள். யாரிடமாவது ஏற்கெனவே வசூலித்திருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

வெட்டச் சொன்ன மரங்கள் எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. முதல் தெருவில் ஒரு பப்பாளியும் மூன்றாம் தெருவில் இரண்டு முருங்கையும் இருக்கின்றன. பயந்து வெட்டிவிடுவதற்குள் அந்த வீடுகளுக்கு நேரில் போய் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இந்த விஷயத்தைப் பேச ஒரு பொதுக்குழுக் கூட்டம் கூட்டுங்கள். குறைந்தது மூன்று வாரம் முன்னால் அறிவிப்பு வேண்டும். வேலைக்குப் போகிறவர்களும் வரும்படி ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கும் பேச இடம் கொடுங்கள். முன்பக்கத் தொட்டிகளில் கீரை வளர்ப்பவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான்.

அந்தக் கூட்டத்தில் பூச்சி, புகை, நாற்றம் போன்ற உண்மையான தொல்லைகளுக்கு ஒரு நடைமுறை வகுப்போம். மதிலுக்கு வெளியே கிளை நீளக் கூடாது, மழைக்காலத்தில் முருங்கை வைத்திருப்பவர் பூச்சியைக் கவனிக்க வேண்டும், உரத்தொட்டி நாறினால் ஒரு வாரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்று எழுதுங்கள். நான்தான் முதல் கையெழுத்துப் போடுவேன்.

பேவர் பிளாக்குக்கு ஒதுக்க நினைத்த சங்கப் பணத்தில், மழை வருவதற்குள் இரண்டாம் தெரு வடிகாலைத் தூர்வாருங்கள். பூங்காச் சருகை எரிப்பதை நிறுத்தி, அங்கே ஒரு பொது உரத்தொட்டி வைக்க உள்ளாட்சியிடம் அனுமதி கேளுங்கள். அதைப் பராமரிக்கும் பொறுப்பை எங்கள் வீடும் இன்னும் நான்கு வீடுகளும் எடுத்துக்கொள்கிறோம். அவர்களிடம் பேசிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பதிலை ஆனி முடிவதற்குள் எழுத்தில் கொடுங்கள். ஆடி முதல் வெள்ளியன்று நாங்கள் விதைக்கப்போகிறோம்.

இப்படிக்கு,
மூன்றாம் தெருவில் குடியிருக்கும் சங்க உறுப்பினர்